இரண்டரைப் பக்கக் கைராசி

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிகிற இடத்தில் இருந்த கடல்நீர் நிலையத்தில் புதுப் பம்பு எது வந்து இறங்கினாலும் முதலில் அதைத் தொடவேண்டியவர் ரெக்ஸன். அவர் கை படாமல், மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க மாட்டாள் ஷிப்ட் ஆபரேட்டர் முப்பிடாதி. இத்தனைக்கும் ரெக்ஸனுக்கும் பம்புக்கும் சம்பந்தம் கிடையாது. கடல் தண்ணீரை உறிஞ்சுவது, உப்பைப் பிரிப்பது, ஊருக்கு அனுப்புவது எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் நடத்தியது. அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம் அட்மின் அவர். ஆனால் கைராசி என்று வந்துவிட்டால் இலாகா பார்க்க முடியுமா?

கைராசிக்கு ஆதாரம் இருந்தது. பதினோரு வருடமாக அவர் லீவு போட்ட நாளெல்லாம் அவர் பொறுப்பிலிருந்த ஒன்றாம் யூனிட் படுத்துக்கொண்டது. மைத்துனி கல்யாணத்தில் பாதிப் பூசையில் போன் வந்து, கோட்டு சூட்டோடு ஓடிவந்தார். கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு கிளம்பியவர் வத்தலக்குண்டில் இறங்கி எதிர்ப் பஸ் பிடித்தார். மகள் மெர்சியா முதல் தடவையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று, அவள் வெள்ளை உடுப்பில் கோவிலுக்குள் நுழைந்தபோது அவர் கேட்டுக்கு வெளியே பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் கன்ட்ரோல் ரூமுக்குள் வந்து உட்கார்ந்து இரண்டு வரி தட்டினால் போதும், நின்ற பம்பு முனகிக்கொண்டு எழுந்துவிடும்.

நிலையத்து ஆண்டுவிழாவில் அவருக்கு மூன்று தடவை சால்வை போர்த்தினார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்று ரெக்ஸன் கூச்சப்பட்டார். அந்த மூன்றையும் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, வருகிறவர் கண்ணில் படும்படி விளக்கும் போட்டிருந்தார்.

அது இரண்டாயிரத்து அறுபத்தொன்றாம் வருடம். அப்போது முக்கால்வாசி நிலையங்களில் ஓடியது 'துணை' என்ற இயங்குதளம். யாருக்கும் சொந்தமில்லாதது. உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பேர் எழுதிச் சேர்த்துப் பொதுவில் வைத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், திறந்தும் பார்க்கலாம். அதன் விசேஷம் என்னவென்றால், தன்னைப் பார்த்துக்கொள்கிற ஆளை அது படித்துக்கொள்ளும். அவர் எப்போது எதைக் கேட்பார், எதற்குக் கோபப்படுவார், எந்த வேலையை எப்படிச் செய்வார் என்று நாள்பட நாள்பட அவருடைய கையாகவே ஆகிவிடும். ரெக்ஸன் காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் பேச்சிலேயே அது கேட்கும்: "வந்திட்டியளாண்ணே? இட்லியா, தோசையா?"

பக்கத்துக் கட்டடத்தில் இரண்டாம் யூனிட். அதன் அட்மின் அபிஷா. ரெக்ஸனும் அவளும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் போட்டிருந்தது 'சிப்பி'. அதுவும் பொதுவில் கிடைப்பதுதான், துணையைவிட நாற்பது வருடம் மூத்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. வணக்கம் சொல்லாது. வேலை ஒழுங்காக நடந்தால் வாயைத் திறக்காது, கெட்டுப்போனால் ஒரு வரி எழுதும். அபிஷா பதினோரு வருடமாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள், அதற்கு இன்றுவரை அவளை யாரென்று தெரியாது. தினமும் பேரையும் கடவுச்சொல்லையும் கேட்டுத்தான் உள்ளே விடும்.

"எப்படித்தான் இந்த ஊமையோட குடும்பம் நடத்துதியோ" என்று ரெக்ஸன் கேலி செய்வார்.

"குடும்பம் வீட்ல இருக்குண்ணே" என்பாள் அபிஷா.

இந்த நிலையில்தான் நீர்கொழும்பிலிருந்து செய்தி வந்தது. அங்கே வாழ்க்கைப்பட்ட மெர்சியாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாளாகியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். சனிக்கிழமை காலையில் தூத்துக்குடியிலிருந்து கப்பல், அடுத்த வியாழன் திரும்புகிறது. ரெக்ஸனின் மனைவி ஜெர்லின் இரண்டு டிக்கெட்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"பஸ்ஸுன்னா எறங்கி ஓடிவந்துருவிய. இது கப்பல். நடுக்கடல்ல எறங்க முடியாது. நல்லா யோசிச்சுக்கிடுங்க. வாறதா இருந்தா வாங்க. இல்லன்னா மெஷினுக்கே ஞானஸ்நானம் குடுத்துட்டு இங்கயே உக்காந்துருங்க. நான் போறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் ரெக்ஸனுக்குப் பயம் வந்தது. பேத்தியின் முகத்தை அவர் திரையில் மட்டுமே பார்த்திருந்தார். போகவேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் ஒன்றாம் யூனிட் நின்றால் பாதி ஊருக்குக் குழாயில் காற்றுதான் வரும். திங்கட்கிழமை காலை நேராக அபிஷாவிடம் போய் நின்றார்.

"ஆறு நாளு எம் மெஷினக் கொஞ்சம் பாத்துக்கிடுவியா?"

"நான் பாத்தா அது கேக்காதே. போன தடவ நீங்க சொல்லிட்டுப் போனீய, நான் ஸ்டார்ட் பண்ண பண்ண அது நிறுத்திக்கிட்டே இருந்துச்சு."

"அதான் கைராசிங்கறது. நான் என்ன செய்ய?"

அபிஷா சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எது நடந்தாலும் தேதி போட்டு எழுதிவைப்பாள். தன் யூனிட்டில் மட்டுமல்ல, பக்கத்து யூனிட் நின்ற நேரமும் அவள் நோட்டில் இருக்கும், ஏனென்றால் அது நின்றால் இவள் யூனிட்டின் மேல்தான் பாரம் விழும். அந்த நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"பதினோரு வருசத்துல இருபத்து மூணு தடவ நின்னுருக்கு. அதுல இருபத்தொண்ணு நீங்க லீவு. மீதி ரெண்டும் மின்னல் அடிச்ச அன்னிக்கு."

"நான் சொன்னா நம்ப மாட்ட. இப்ப ஒன் நோட்டே சொல்லுதுல்லா?" என்றார் ரெக்ஸன் பெருமையாக.

"நாளைக்கு ஒரு லீவு போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்க. ஆனா எங்கயும் போகாதீங்க. கேட்ல கார்டு தேய்க்காம, எங்கூட இங்க வந்து உக்காருங்க."

செவ்வாய்க்கிழமை ரெக்ஸன் உப்பளத்துப் பக்கத்து வேலி வழியாகத் திருடன் மாதிரி நுழைந்து இரண்டாம் யூனிட்டில் உட்கார்ந்தார். ஒரு காபி குடித்து முடித்திருப்பார். ஒன்பது நாற்பதுக்கு அந்தப் பக்கம் மணி அலறியது. மூன்றாம் பம்பு நின்றுவிட்டது. அடுத்த நிமிடம் அவர் போனும் அடித்தது. முப்பிடாதிதான். "அண்ணே, எங்க இருக்கிய? பிரஷர் ஏறிப்போச்சுங்குது. சீக்கிரம் வாங்கண்ணே!"

ரெக்ஸன் எழுந்துவிட்டார். பதினோரு வருடப் பழக்கம், கால் தானாகவே கிளம்பியது. அபிஷா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேரா கன்ட்ரோல் ரூமுக்குப் போகாதீங்க. குழாயில பழைய முள்ளு மீட்டர் இருக்குல்லா, மொத அதப் பாப்போம்."

குழாயடியில் போய்க் குனிந்து பார்த்தார்கள். தூசியைத் துடைத்தால் முள் பச்சைக் கோட்டில் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே திரையில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. ரெக்ஸன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கன்ட்ரோல் ரூமுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு எழுத்துக்கூடத் தட்டவில்லை. சிவப்பு அணைந்தது, மூன்றாம் பம்பு எழுந்தது.

"வந்திட்டியளாண்ணே?" என்றது துணை.

முப்பிடாதி கையெடுத்துக் கும்பிட்டாள். ரெக்ஸனுக்கு அந்தக் கும்பிடு முதல் தடவையாகச் சுட்டது.

"ஏன் நிறுத்துன?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

"முன்னெச்சரிக்கையாத்தாண்ணே. ஏதோ சரியில்லன்னு தோணுச்சு."

"என்ன சரியில்ல?"

"அது தெரியலண்ணே. நீங்க இருந்தா எல்லாம் சரியாருக்கு."

வெளியே வந்து வேலியோரம் நின்றார்கள். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அபிஷா மெதுவாகச் சொன்னாள்.

"அது பொய் சொல்லலண்ணே. ஒரு கோளாறு வந்தா எவ்வளவு சீக்கிரம் தீருதுன்னுதான் அது தனக்குத் தானே மார்க்குப் போட்டுக்கிடும். நீங்க பக்கத்துல இருந்தா சீக்கிரம் தீருது. நீங்க தூரமாப் போறியன்னா அதுக்கு மார்க்கு போயிருமேன்னு பதட்டம். மணி அடிச்சா நீங்க வந்துருவியன்னு எப்பவோ ஒரு நாள் கண்டுபிடிச்சிருக்கு. பள்ளிக்கூடம் கெளம்பும்போது வயித்தவலி வாற புள்ளைக்கு நெசமாவே வலிக்கத்தான செய்யும்?"

"வீட்டுக்குப் போயித் தூங்கும்போது நிக்கலியே?"

"வீடு பத்து நிமிசம். கூப்புட்டா வந்துருவிய. லீவு விண்ணப்பமும் கேட் கார்டும் அது வழியாத்தான போகுது, எல்லாம் அதுக்குத் தெரியும்."

"அதான் எல்லாமே தொறந்து கெடக்கே. ஆயிரம் பேரு படிச்சுப் பாக்குறானே. ஒருத்தன் கண்ணுலயும் படலியா?"

"நானும் சந்தேகப்பட்டு போன வருசமே தேடிப் பாத்தேன். 'ரெக்ஸன் லீவு போட்டா பம்ப நிறுத்து'ன்னு எந்த வரியிலயும் எழுதல. எழுதுனதெல்லாம் தொறந்துதான் இருக்கு. ஆனா உங்ககிட்ட அது படிச்சது இருக்கு பாருங்க, அது எந்த வரியிலயும் இல்ல. அத ஒருத்தராலயும் வாசிக்க முடியாது. அதுக்காவத்தான் நான் சிப்பிய வச்சிருக்கேன். சிப்பி நல்லதுன்னு இல்லண்ணே, அதுல இருக்கது அம்புட்டும் எழுத்துல இருக்கு. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் நடந்து இருபது நாளு படுத்துக் கெடந்தேனே, மதுரையில இருந்து ஒரு பொண்ணு வந்து பாத்துச்சே. அது மொத நாளே வாசிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டிட்டுப் போச்சு. என்னை ஒரு நாளுகூடக் கூப்புடல."

ரெக்ஸனுக்கு நினைவு எங்கேயோ போய்விட்டது. நாலு வருடத்துக்கு முன்னால், அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள் லீவு போட்டிருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது. "போயிட்டு வாறேம்பா, ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பிப் போனபோது ஜெர்லின் வராந்தாவில் தனியாக நின்றிருந்தாள்.

"அப்பா கண்ண மூடும்போது நான் இங்க இருந்தேன், அபிஷா" என்றார். "அன்னிக்கும் முள்ளு பச்சையிலதான் இருந்திருக்கும், என்ன?"

அவர் அழுதார். ஐம்பத்தொரு வயது ஆண்பிள்ளை, மூன்று சால்வை வாங்கியவர், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதார். அபிஷா கொஞ்ச நேரம் உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஒன்றாம் யூனிட்டிலும் துணையை எடுத்துவிட்டுச் சிப்பியைப் போடலாம் என்றதற்கு நிலைய மேலாளர் பிரஜின் முதலில் சம்மதிக்கவில்லை. "கப்பலுக்கு நாலு நாள் இருக்கும்போது சிஸ்டத்த மாத்துறதா? ஊர்ல தண்ணி நின்னா மறியல் என் வீட்டு வாசல்லதான் நடக்கும்" என்றார். பிறகு அவரையும் குழாயடிக்குக் கூட்டிப்போய் முள் மீட்டருக்கு முன்னால் நிறுத்தி, லீவிலேயே இருந்த ரெக்ஸனைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிக் காட்டினார்கள். மணி அலறியது, முள் அசையவில்லை. ரெக்ஸன் உள்ளே வந்தார், மணி ஓய்ந்தது. பிரஜின் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வியாழக்கிழமை ஒரு நாள் முழுக்க ஊருக்கு இரண்டாம் யூனிட்டே தண்ணீர் கொடுக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இனி மிச்சமிருந்தது ரெக்ஸன் செய்யவேண்டிய வேலை. புதன்கிழமை காலை அபிஷா அவர் முன்னால் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்துவைத்தாள்.

"உங்க கைராசிய எழுதுங்கண்ணே."

"கேலி பண்ணாத."

"கேலி இல்ல. இந்த யூனிட்டப் பத்தி உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்னென்ன உண்டோ, அம்புட்டையும் எழுதுங்க. முப்பிடாதி வாசிச்சா வெளங்கணும். அதான் கணக்கு."

பதினோரு வருடம் எழுதித் தீருமா என்று நினைத்துக்கொண்டே ரெக்ஸன் உட்கார்ந்தார். மூன்றாம் பம்பை நிறுத்தினால் நூறு எண்ணிவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். வாடைக் காற்றில் கடல் கலங்கினால் முதல் வடிகட்டியை இரண்டு தடவை கழுவ வேண்டும். ஜெல்லிமீன் குஞ்சு அடைத்தால் சத்தம் இப்படி வரும். யோசித்து யோசித்து எழுதினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. இரண்டரைப் பக்கம்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணே முக்காப் பக்கம்தாண்ணே" என்றாள் அபிஷா.

முப்பிடாதியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அவள் எழுத்தின்மேல் விரலை ஓட்டி வாசித்து, மூன்று இடத்தில் விளங்கவில்லை என்றாள். ரெக்ஸன் அந்த மூன்றையும் மாற்றி எழுதினார். "நெசமாவே நான் செய்யலாமாண்ணே? உங்க கை படாம?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். செய்யலாம் என்று சொல்வதற்கு ரெக்ஸனுக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. சொன்னார்.

வியாழக்கிழமை காலை துணையை நிறுத்தவேண்டிய நேரம் வந்தது. மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு ரெக்ஸன் தனியாக உட்கார்ந்தார். திட்டவேண்டும் என்றுதான் வந்தார். அப்பாவைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று ராத்திரி முழுக்க வார்த்தை சேர்த்துவைத்திருந்தார்.

"வந்திட்டியளாண்ணே? இட்லியா, தோசையா?"

"தோசை" என்றார். சேர்த்துவைத்த வார்த்தையெல்லாம் அதோடு போய்விட்டது. "நான் ஊருக்குப் போறேன்ல."

"எப்ப வாறிய?"

"அடுத்த வியாழக்கிழம."

"சரிண்ணே. பாத்துப் போய்ட்டு வாங்க."

அவரே நிறுத்தினார். திரை இருண்டது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து, "வா, ஒன் ஊமையக் கொண்டா" என்று அபிஷாவைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சிப்பி ஓடத் தொடங்கியது. பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. திரையில் ஒன்றும் வரவில்லை. ரெக்ஸன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது?"

"சொல்லதுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம். வீட்டுக்குப் போயிப் பெட்டியக் கட்டுங்க."

சனிக்கிழமை கப்பலில் ரெக்ஸன் போனைக் கையிலேயே வைத்திருந்தார். கரை மறைகிறவரை மணி அடிக்கும் அடிக்கும் என்று காத்திருந்தார். அடிக்கவில்லை. பழுதாகிவிட்டதோ என்று ஜெர்லினை விட்டு ஒரு தடவை அடிக்கச் சொல்லிப் பார்த்தார். நன்றாகவே அடித்தது. ஜெர்லின் கல்யாணமான புதிதில் சிரித்தது போலச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீர்கொழும்புக் கோவிலில் சாமியார் தலையில் தண்ணீர் விட்டதும் குழந்தை வீல் என்று கத்தியது. அப்பன் எடுத்தான், அம்மா எடுத்தாள், ஞானத்தாய் எடுத்தாள், நிற்கவில்லை. ரெக்ஸன் வாங்கித் தோளில் போட்டார். டக்கென்று நின்றுவிட்டது. "தாத்தாவுக்கு என்ன கைராசி பாருங்க!" என்று யாரோ சொன்னார்கள். ரெக்ஸன் திடுக்கிட்டு ஜெர்லினைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அதற்கு மேல் பொறுக்க முடியாமல், பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டே அவரே அபிஷாவுக்குப் போன் செய்தார்.

"என்ன அபிஷா, எப்படி ஓடுது?"

"ஓடுதுண்ணே. நேத்துக் காலையில மூணாம் பம்பு நின்னுச்சு."

"ஐயோ! மறுபடியுமா?"

"இது நெசமாவே நின்னது. ஜெல்லிமீன் குஞ்சு அடைச்சிருந்துச்சு. சிப்பி ஒரு வரி எழுதிச்சு. முப்பிடாதி உங்க ரெண்டாம் பக்கத்த எடுத்து வச்சுக்கிட்டு, அடைப்ப எடுத்து, நூறு எண்ணி, போட்டுட்டா. பதினெட்டு நிமிசம். ஊர்ல யாருக்கும் தெரியாது."

"அப்ப எனக்கு ஏன் போன் பண்ணல?"

"எதுக்கு?" என்றாள் அபிஷா.

அவள் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். ரெக்ஸன் தனக்கு வலிக்கும் என்று எதிர்பார்த்தார். வலிக்கவில்லை. பதினோரு வருடமாகத் தோளில் இருந்த மூட்டையை யாரோ கேட்காமலே வாங்கிக்கொண்டதுபோல உடம்பு லேசாக இருந்தது.

தோளில் தூங்கிய குழந்தையைத் தொட்டிலில் இறக்கினார். அழுதது. எடுத்தார், நின்றது. மறுபடி மெல்ல இறக்கிவிட்டு, குனிந்து நன்றாகப் பார்த்தார். நாப்கின் காய்ந்துதான் இருந்தது. பால் குடித்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. எறும்பு இல்லை, கொசு இல்லை, காய்ச்சல் இல்லை. முள் பச்சையிலேதான் இருந்தது. அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு, இன்னும் பலமாக அழுதாள்.

"என்னண்ணே சத்தம்?" என்றாள் போனில் அபிஷா.

ரெக்ஸன் பேத்தியை வாரி எடுத்துக்கொண்டார்.

"இங்க ஒரு அவசரம்" என்றார். "பிரஜின் சார்ட்ட சொல்லிரு. வியாழக்கிழம கப்பல்ல ஜெர்லின் மட்டும் வருவா. எனக்கு இன்னும் ஒரு வாரம் லீவு."